இரண்டு பரப்பு

காணி என்னுடையது என்று உறுதி சொல்கிறது.
நொத்தாரிசின் சாய்ந்த எழுத்தில்
வடக்கே வழிவாய்க்கால், கிழக்கே ஒழுங்கை,
தெற்கும் மேற்கும் தாமோதரம்பிள்ளையின் உரித்தாளர்,
நடுவில் சுகிர்தமலராகிய நான்.
அச்சுவேலி. இரண்டு பரப்பு. சீதனம்.

அதில் இப்போது கல்லு அரிகிறேன்.
ஊரின் பெயரிலேயே அச்சு இருக்கிறது.
எனக்கு வேண்டியது இன்னொரு அச்சு,
கரண்டில் அதிர்ந்து
ஒரே தரத்தில் நாலு கல்லுப் போடுகிற மெஷின்.
சுன்னாகத்துக் கடைக்காரர் விலை சொன்னபோது
வாயில் மணல் விழுந்தவள் போல நின்றேன்.

வங்கிப் பெடியன் உறுதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"அக்கா, ஈடு வைக்கிறதெண்டா
அண்ணையும் ஒப்பம் வைக்கவேணும்.
உங்கட தேசவழமை அப்பிடி."
உங்கட என்றான்.
அவனுக்கும் வீடு உரும்பிராய்தான்.

அண்ணை பாரிசில்.
ஆறு வருடமாக வருகிற தையில் வருகிறார்.
போனில் கேட்டேன்.
"பொம்பிளைக்கு ஏன் மெஷின்" என்றார். பிறகு,
"மாசம் எவ்வளவு மிஞ்சுது" என்றார்.
என்னிடம் இரண்டு கொப்பிகள் உண்டு.
ஒன்று அவருக்கு வாசிப்பதற்கு.
அதில் நான் எப்போதும் கொஞ்சம் ஏழை.
மற்றது அரிசி வாளிக்குள்.
அதில் சீமெந்து, அம்பன் மணல்,
ஜெசிந்தாவின் கூலி, மகளின் ரியூசன்,
உடைந்த கல் பதினேழு,
எனக்கு ஒரு சோடிச் செருப்பு.
எனக்கு என்று ஒரு வரி எழுத
மூன்று வருடம் எடுத்தது.

கிழமைக்காசு எடுத்த காலத்தில் இந்தக் கொப்பி இல்லை.
ஐந்து பேருக்கு அந்த ஐந்து பேரே பிணை.
வியாழன்தோறும் மோட்டார் சைக்கிள்
ஒழுங்கையில் திரும்பும்போது
நானும் பத்மலோசினியும்
சீமெந்துப் பைகளுக்குப் பின்னால் குந்தியிருப்போம்,
மூச்சுக்கும் வட்டி கட்டுகிறவர்கள் போல.
மாதம் நாலு வீதம் என்றால்
வருடம் நாற்பத்தெட்டு என்று
ஒருநாள் வெறும் பையின் முதுகில் பெருக்கிப் பார்த்தேன்.
பென்சில் கடதாசியைக் கிழித்துக்கொண்டு போனது.

சரி, ஒப்பம் இல்லை.
கோட்டுக்குப் போகலாம் என்று பெடியன் குரலைத் தாழ்த்தினான்.
போகலாம். அதற்கும் காசு வேண்டும், நாள் வேண்டும்.
வாளிக்குள்ளிருந்து கொப்பியை எடுத்தேன்.
கடன் தர ஆளில்லை என்று அழுதவளுக்கு
கடன்பட்டவர்கள் அங்கே வரிசையாக நின்றார்கள்.
முதல் ஆள் பிள்ளையார்.
தெற்கு மதிலுக்கு ஆயிரத்து இருநூறு கல்,
எண்பது ரூபாய்ப்படி, மாசியிலிருந்து.

"உங்கட சாமி எனக்குக் கோபிக்காது,
நானும் வாறன்" என்றாள் ஜெசிந்தா.
கொடியேற்றத்துக்கு முதல்நாள் போனோம்.
தலைவர் சால்வையைச் சரிசெய்தார்.
"பிள்ளை, இது புண்ணிய காரியமெல்லே."
"ஓம் ஐயா, மதில் முழுக்கப் புண்ணியம்தான்.
சீமெந்து மட்டும் காசுக்கு வாங்கினது."
பக்கத்தில் நின்ற மேளகாரர் சிரித்துவிட்டார்.
அந்தச் சிரிப்புத்தான் உண்டியலைத் திறந்தது.

விபூதி ஒட்டிய பத்து ரூபாய்க் குற்றிகள்
இரண்டு சீமெந்துப் பைகளில்.
ஓட்டோவின் பின்சில்லு அமிழ்ந்தது.

இப்போது வங்கியில் நிற்கிறேன்.
கவுண்டரில் கொட்டிய சத்தத்துக்கு
காவலாளி ஓடி வந்து, பார்த்து, திரும்பிப் போனார்.
என் பெயரில் மட்டும் ஒரு புத்தகம்.
மெஷின் விலையில் இது காற்பங்குகூட இல்லை.
பெடியன் பத்துப் பத்தாக அடுக்குகிறான்,
கோபுரம் சரிகிறது, மறுபடி அடுக்குகிறான்.
வெளியில் கொதி வெயில். காலையில் போட்ட கல்லுக்கு
ஜெசிந்தா தண்ணி விட்டிருப்பாள்.

கைப்பைக்குள் போன் அதிர்கிறது.
பாரிஸ்.
எடுக்கவில்லை.
எண்ணும்போது கதைத்தால் பிழைக்கும்.